கூட்டத்தில் முதுகுப்பையைக் காப்பது எப்படி?

மருத்துவத்திற்கும் கல்லூரிச் சேர்க்கைக்கும் சென்னை செல்லும் நம் குடும்பங்கள் பணம், மருத்துவ அறிக்கை, அசல் சான்றிதழ் என எல்லாவற்றையும் ஒரே முதுகுப்பையில் வைக்கின்றன. அந்தப் பை போனால் போன காரியமே நின்றுவிடும்.

திருடர்கள் எதிர்பார்ப்பது பஸ்ஸிலும் ரயிலிலும் முண்டியடித்து ஏறும் நேரத்தைத்தான். முன்னால் ஒருவர் வழிமறிப்பார். பின்னால் நிற்பவர் ஜிப்பைத் திறப்பார், அல்லது பிளேடால் பையைக் கிழிப்பார். ஆகவே, நெரிசலுக்குள் நுழையும் முன்பே பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

வெளி அறைகளில் தண்ணீர் பாட்டில், துண்டு மட்டும் இருக்கட்டும். பணத்தைப் பிரித்து வையுங்கள். பிறர் கொடுத்தனுப்பிய பணம் அமானிதம். அது உடையின் உள்பையிலேயே இருக்கட்டும். சான்றிதழ்களின் நகல்களை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள். பையைக் கீழே வைக்க நேர்ந்தால் அதன் வாரைக் காலில் மாட்டிக்கொள்ளுங்கள். இரவு ரயிலில், கீழ்ப் படுக்கையின் அடியில் வளையம் இருந்தால் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-ஆவது பிரிவுப்படி, நாம் கையோடு கொண்டுசெல்லும் பை தொலைந்தால், ஊழியரின் கவனக்குறைவோ தவறோ நிரூபிக்கப்பட்டால்தான் ரயில்வே பொறுப்பாகும். எனவே காவல் நம்முடையதே.

மீறித் திருட்டு நடந்தால், முதலில் வங்கிக்குச் சொல்லி ஏடிஎம் கார்டை முடக்குங்கள். சிம் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். ரயிலில் என்றால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள், அல்லது 139-ஐ அழையுங்கள். போலீஸ் புகாரின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்; சான்றிதழ்களுக்கு மறுபிரதி கேட்கும்போது அது தேவைப்படும்.

வெளியூரில் படிக்கப் புறப்படும் பிள்ளைகளுக்கு இவற்றை இப்போதே சொல்லிக்கொடுங்கள்.