வண்டி கிளம்பலையா? செல்ஃப் மோட்டாரை மாத்துறதுக்கு முன்னாடி...



எங்கள் குழு கடன் எடுத்து வாங்கிய அம்பாசிடர் 1985-ஆம் வருட பெட்ரோல் வண்டி. உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-ல் தயாரிப்பு நின்றபிறகு, மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசிடர்தான் வேணும்னு தேடி வருகிறவர்கள் உண்டு. அந்த வாடகையை நம்பித்தான் தவணை. ஒரு முகூர்த்தத்தன்று விடியற்காலை சாவியைத் திருப்பினால் 'டக்'னு ஒரே சத்தம், அதோட சரி. மெக்கானிக் "செல்ஃப் போச்சும்மா" என்றார். வேறு மோட்டார் போட்டோம். அந்த மாதத் தவணைப் பணம் அதில் போனது. பத்தே நாளில் மறுபடியும் 'டக்'!

பிறகுதான் நாங்களே உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். கற்றதை இங்கே சொல்கிறோம்.

கை வைக்கும் முன் வளையல், மோதிரம், தாலிச்சங்கிலி எல்லாம் பேட்டரியில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையையும் இரும்பு தொட்டால் கை வெந்துவிடும். முந்தானையை இழுத்துச் செருகுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்கணும். பேட்டரி பக்கத்தில் தீக்குச்சி கூடவே கூடாது, அதிலிருந்து வரும் வாயு வெடிக்கும்.

இப்போ ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஒருத்தர் ஸ்டார்ட் பண்ணுங்கள், இன்னொருத்தர் பக்கவாட்டில் நின்று வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் மங்கி அணைகிறதா? பேட்டரியில் சார்ஜ் இல்லை, இல்லாவிட்டால் டெர்மினல் பூத்துப்போயிருக்கு. நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.6 வோல்ட் காட்டும். 12 என்றால் கிட்டத்தட்ட காலி. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்தால், முதலில் எர்த் ஒயரைக் கழற்றுங்கள் (மிகப் பழைய சில வண்டிகளில் பிளஸ்தான் எர்த், பார்த்துச் செய்யுங்கள்). ஆப்பசோடா கலந்த தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, வாசலின் தடவிப் பூட்டினால் போதும். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. மாட்டும்போது எர்த் கடைசி.

எங்கள் வண்டியில் வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை. இங்கேதான் எல்லாரும் ஏமாறுவது. 'டக்' சத்தம் வருது, லைட் பளிச்சுனு எரியுது, அப்போ மோட்டார்தான் கெட்டிருக்குனு தோணும். ஆனால் மோட்டாருக்குப் போன மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பி வரவும் வழி வேணுமே! இன்ஜின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மேல். ரப்பர் வழியே மின்சாரம் பாயாது. அதற்காகத்தான் இன்ஜினிலிருந்து பாடிக்கு ஒரு செம்புப் பட்டை, பின்னல் மாதிரி, பூட்டியிருப்பார்கள். அது அறுந்தாலோ துருப்பிடித்தாலோ மோட்டார் சுற்றாது. லைட்டுக்கும் சொலினாய்டுக்கும் எர்த் பாடியிலேயே கிடைப்பதால் அவை மட்டும் ஒழுங்காய் வேலை செய்யும்.

எங்களுக்குத் துப்பு கொடுத்தது சோக் ஒயர். திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பார்த்ததில், சோக்கைப் பிடித்திருந்த உறுப்பினர் "ஐயோ சுடுதே!" என்று கையை உதறினார். பட்டை வழியே போகமுடியாத மின்சாரம் அந்த மெல்லிய கம்பி வழியே போயிருக்கு. அடிக்கடி அப்படி ஆனால் கம்பி உருகித் தீப்பிடிக்கவும் கூடும்.

சோதிப்பது சுலபம். ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை இன்ஜினின் சுத்தமான இரும்பிலும் கவ்வவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். கிளம்பினால் பட்டைதான் கோளாறு. அப்பவும் 'டக்' மட்டுமே என்றால் மோட்டாரையோ சொலினாய்டையோ சந்தேகப்படலாம்.

இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் அது காயில், பாயிண்ட், பிளக் சங்கதி. இன்னொரு இதழில் எழுதுகிறோம்.

பட்டையின் இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம், ஒரு முனை முக்கால்வாசி அறுந்திருந்ததால் பிறகு புதுசு போட்டோம். மோட்டார் மாற்றியபோது அந்தப் பட்டை அசைந்து பத்து நாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். கழற்றிய பழைய மோட்டாரைக் கேட்டு வாங்கி வந்து பேட்டரியில் வைத்துப் பார்த்தோம். ஜோராய்ச் சுற்றுது.