ராமர் போட்ட கம்பெனிக் காசு

"இது ஒரிஜினலா சார்?" என்று செம்புக் காசை நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் கொண்டுவருவது ஒரே வகைக் காசைத்தான். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம் அல்லது அனுமன், மறுபக்கம் ஆங்கிலத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஓரணா, 1818. தாத்தா பெட்டியில் இருந்தது என்பார்கள். இருந்திருக்கலாம். தாத்தா அதைக் கோயில் வாசலில் வாங்கியிருப்பார். கம்பெனி அடித்த காசு அல்ல அது.

சொன்னால் முகம் சுருங்கிவிடும். அதனால் தராசை எடுப்பதற்கு முன்பே மதிப்பையும் ஆண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்வேன். இந்தியாவில் பொதுப் புழக்கத்துக்கு ஓரணா நாணயம் வந்தது 1907-இல்தான். ஏழாம் எட்வர்ட் தலை, நெளிநெளியான விளிம்பு, உலோகம் செம்பும் நிக்கலும் கலந்தது. 1818-இல் செம்பு ஓரணா எங்கிருந்து வரும்? 1616, 1717 என்று போட்டவை இன்னும் வேடிக்கை. கம்பெனி ஆட்சி 1858-இல் முடிந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டோடு கம்பெனிக் காலணா வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"வெள்ளைக்காரன் சாமி படமே போட்டதில்லை" என்று அடித்துச் சொல்லும் சேகரிப்பாளர்களும் உண்டு. அதுவும் தப்பு. சென்னையில் 1807, 1808 வாக்கில் அடித்த கால் வராகனில் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் திருமால், சுற்றிலும் தமிழும் தெலுங்கும். ஆனால் அது வெள்ளி. சாமி படம் இருப்பதால் மட்டும் போலி என்று ஒதுக்காதீர்கள். எந்த உலோகம், என்ன மதிப்பு என்றும் பாருங்கள்.

அடுத்தது எடை. நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு போதும். 1835-ஆம் ஆண்டுக் கம்பெனிக் காலணாவுக்கு விதித்த எடை 100 கிரெயின், அதாவது 6.48 கிராம். அரையணா அதைப் போல இரண்டு மடங்கு. 1808-ஆம் ஆண்டு சென்னை இருபது காசு ஏறக்குறைய 9.3 கிராம். கைமாறிக் கைமாறித் தேய்ந்த காலணா கொஞ்சம் குறைவாக நிற்பது சகஜம். எட்டு கிராம் காட்டினால் பேச்சே வேண்டாம், தேய்ந்த காசு எடை கூடாது.

பிறகுதான் லென்ஸ். நல்ல காலணாவில் இரண்டு சிங்கங்கள் ஆளுக்கொரு கொடியோடு கேடயத்தைத் தாங்கி நிற்கும். கீழே நாடாவில் லத்தீன் வாசகம். தேய்மானத்தில் சிங்கத்தின் மேடான பாகங்கள் மழுங்கியிருக்கும். எழுத்தின் ஓரம் தரையைச் சந்திக்கும் இடம் மட்டும் கூர்மையாகவே இருக்கும். அச்சில் வார்த்த போலியில் எல்லாமே ஒரே மாதிரி கொழகொழவென்று, நடுவே ஊசி குத்தியது போன்ற பொத்தல்களோடு இருக்கும். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினால் சிலவற்றில் அரத்தால் ராவிய கோடு தட்டுப்படும்.

காந்தம் ஒட்டினால் அது செம்பே அல்ல. நம்மூரில் இதைத்தான் தலைகீழாக்கி, அரிசியை இழுக்கும் அபூர்வக் காசு என்று 'ரைஸ் புல்லிங்' பேர்வழிகள் லட்சக்கணக்கில் சுருட்டுகிறார்கள். சாதாரண நிலையில் உள்ள அசல் காலணா சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. கோடி என்று பேச ஆரம்பித்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

காசு நல்லதென்று தெரிந்ததும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பழுப்பேறிய அந்த மேற்பரப்புக்குத்தான் விலையே. பச்சைக் களிம்பு பொடியாக உதிர்ந்தால் மட்டும் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பளபளப்பாக இருந்தாலே போலி என்றும் முடிவுகட்ட வேண்டாம். பர்மிங்ஹாம் சோஹோ ஆலையில் சென்னைக்காக அடித்த 1808-ஆம் ஆண்டு பத்து காசும் இருபது காசும் ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் உடைந்தது. 1980-களில் மேலே வந்த அந்தக் காசுகளில் கடல் அரித்தவையும் உண்டு, யார் கையும் படாமல் புதிது போலவே இருப்பவையும் உண்டு. 1808 என்று போட்ட மினுமினுப்பான இருபது காசைக் கண்டால், வேண்டாம் என்று தள்ளுவதற்கு முன் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள்.