கிரேக்கத் தீவு டூர்: கடைசி ராத்திரி எங்கே தங்கணும்?

ஃபோலெகாண்ட்ரோஸ் ஒரு குட்டித் தீவு. ஏர்போர்ட் கிடையாது, ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் போகலாம். ஜூலை, ஆகஸ்ட்டில் 'மெல்டெமி' என்கிற வடக்குக் காற்று பலமா அடிச்சா, கப்பலை நிறுத்திடுவாங்க.

இப்போ கணக்குப் போடுங்க. ரத்தான கப்பலுக்குக் காசு திரும்பக் கிடைக்கும், இல்லேன்னா அடுத்த கப்பலில் இடம் கிடைக்கும். ஆனா அதனால தவறவிட்ட ஃப்ளைட்? நான்-ரீஃபண்டபிள்னா அந்தக் காசு போச்சு; புது டிக்கெட்டும் எடுக்கணும்.

அதனால ரெண்டு விஷயம்:

1. கடைசி ராத்திரி தீவில் வேண்டாம், ஏதென்ஸில் தங்குங்க.
2. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எப்படியும் எடுக்கணும். அதே பாலிசி தவறவிட்ட ஃப்ளைட்டையும் கவர் பண்ணுதான்னு படிச்சுப் பாருங்க.

வீட்டுக்கு எமர்ஜென்சி ஃபண்ட் வைக்கிறோம்ல? டூருக்கு அந்த ஒரு நாள்தான் எமர்ஜென்சி ஃபண்ட்.