புது லாரியா, பழைய லாரியா?

என்னிடம் பி.எஸ்.4 டென் வீலர் ஒன்று ஓடுகிறது. இன்னொரு வண்டி எடுக்க ஆசை. பி.எஸ்.6 என்றால் விலையும் அதிகம், சென்சார் தொல்லையும் தீராது என்று பட்டறையில் பயமுறுத்துகிறார்கள். புதிது எடுக்கலாமா?
– லாரி உரிமையாளர், சங்ககிரி

நீங்கள் வடக்கே லைன் ஓட்டுகிறவர் என்றால் தைரியமாகப் புதிது எடுங்கள். உள்ளூரில் கல், மண் நடைதான் என்றால் நல்ல பி.எஸ்.4 வண்டியே போதும்.

காரணம் சைலன்சர் பக்கம் இருக்கிறது. பி.எஸ்.6 வண்டியின் புகை வடிகட்டியில் கரி சேரும். எஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடினால்தான் அது எரிந்து வெளியேறும். குறுகிய தூர நடையில் அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் அதற்கான விளக்கு எரிந்தால், கரி எரிந்து முடியும்வரை எஞ்சினை அணைக்கக் கூடாது என்று டிரைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

இன்னொரு எதிரி, புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் ஆட்ப்ளூ திரவத்தின் மலிவு ரகம். தரமான ஆட்ப்ளூவில் 32.5 சதவீதம் யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர். யாரோ குழாய்த் தண்ணீரில் கலக்கிக் கேனில் விற்பதை ஊற்றினால், நாசில் முனையில் வெள்ளையாக உப்புப் படிந்து, ஏற்றத்தில் வண்டி இழுக்காது. பட்டறையில் நீங்கள் கேட்கும் சென்சார் புகார்களில் பல இப்படித் தொடங்கியவைதான்.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. அதற்கு முந்தைய கொட்டேஷனை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இப்போது தயாராகும் கனரக லாரிகளில் ஏ.சி. கேபினும் கட்டாயம். மே மாத வெயிலில் நாக்பூர் தாண்டும் டிரைவருக்கு அது ஆடம்பரமே இல்லை. அந்தச் செலவுக்கு முகம் சுளிக்காதீர்கள்.

கையெழுத்துப் போடுமுன், நீங்கள் ஓடும் ரூட்டில் வாங்கப்போகும் லாரிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டர்கள் எங்கெங்கே உள்ளன என்று எழுதி வாங்குங்கள்.