சங்கத்தின் முகப்புப் படம்: தேர்ந்தெடுக்கும் முறை

விற்பனை நிலையத்திற்குப் பெயர்ப்பலகை எத்துணை இன்றியமையாததோ, முகநூல், யூடியூப் முதலிய சமூக ஊடகங்களில் சங்கத்தின் பக்கத்தின் உச்சியில் விளங்கும் முகப்புப் படமும் இன்று அத்துணை இன்றியமையாததாகிவிட்டது. கடைத்தெருவில் நடந்து செல்வோர் பலகையைக் காண்பர். கைப்பேசியைத் திறப்போரோ கோவையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் இப்படத்தைக் காண்பர். நம் தஞ்சைத் தரணியின் நெசவாளர் சங்கங்களும் விளைவிப்போர் சங்கங்களும் பல, பக்கத்தைத் தொடங்கிவிட்டன. ஆனால் படத்தைக் குறித்துச் சிந்தித்த சங்கங்கள் சிலவே. ஆதலின் அப்படத்தைத் தேர்வது எவ்வாறு என்பதை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

ஆய்வின் பொருட்டு நாம் சென்ற நெசவாளர் சங்கமொன்றில் நடந்ததை முதலிற் கூறுவோம். சங்கத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. அச்சங்கத்தின் பக்கத்திற்கு முகப்புப் படம் வேண்டுமென்றபோது, கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் இணையத்திலிருந்து பளபளக்கும் சேலைப் படம் ஒன்றை எடுத்து இட்டுவிட்டார். அஃது எந்த ஊர்ச் சேலை, தறியில் நெய்ததா விசைத்தறியில் ஓடியதா என்று ஒருவரும் வினவவில்லை. வெளியூர் அம்மையார் ஒருவர் அப்படத்தைக் கண்டு, அதே சேலை வேண்டுமெனப் பணம் அனுப்பினார். சங்கம் தன்னிடமிருந்த நல்ல பட்டுச்சேலை ஒன்றை அனுப்பியது. "படத்தில் உள்ளது இதுவன்று" என்ற குறிப்புடன் சேலை திரும்பி வந்தது. பணமும் திரும்பிச் சென்றது.

இருப்புப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நம் அருகில், அச்சேலையை நெய்த முதியவர் வந்து நின்றார். மடிப்புக் கலைந்திருந்த சேலையைத் தடவியபடி, "நாங்க நெய்யறது படத்துக்கு ஆகாதுன்னு நினைச்சுட்டாங்களா, ஐயா?" என்றார். நாம் விடை கூற இயலாது நின்றோம். சேலையில் குற்றமில்லை, நெய்தவரிடத்தும் குற்றமில்லை. குற்றம் படத்தில் இருந்தது.

இதனின்று நாம் பெறும் முதற் பாடம் யாதெனில், முகப்புப் படம் என்பது அலங்காரம் அன்று, அது வாக்குறுதி. சங்கத்தால் நிறைவேற்ற இயலாத வாக்குறுதியை நெற்றியில் எழுதிக்கொள்ளலாகாது.

படத்தைக் கண்டு சரக்கை அறிதல்

படத்தால் சரக்கை அறிவிப்பது புதிய வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைகளிலிருந்து இந்தியாவுக்கு வந்த துணிகளின்மீது தெய்வங்கள், யானை, புலி முதலிய வண்ணப் படச் சீட்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. எழுத்தறியாதவரும் படத்தைக் கண்டே தமக்கு வேண்டிய ஆலைத் துணியைக் கேட்டு வாங்கினர். 1935ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனத்தின் வண்ணத்துப்பூச்சிச் சின்னத்தை நாமெல்லாரும் அறிவோம். ஒரே உருவம், சிறிதாக்கினாலும் தெரியும், தொலைவிலிருந்தும் தெரியும். பத்துப் பொருள்களை ஒரே படத்தில் திணிப்போர் இச்சின்னத்தை எண்ணிப் பார்ப்பது நலம். ஒரு படம் ஒரு செய்தியையே நன்கு கூறும்.

நெசவாளர் சங்கங்களுக்கு

முகப்புப் படம் நீண்டு படுத்த வடிவுடையது. இவ்வடிவம் சேலைக்கென்றே அமைந்ததுபோல் உள்ளது. கரையும் முந்தானையும் நீளவாக்கில் விரியுமாறு எடுத்தால் இடம் வீணாவதில்லை. நின்ற கோலத்தில் ஒருவர் உடுத்தியிருக்கும் படமோ இவ்வடிவில் அடங்காது. தலையோ பாதமோ வெட்டுண்டு போகும்.

திருபுவனத்தைச் சான்றாகக் கொள்வோம். 1955ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் இயங்கும் ஊர் அது. திருபுவனம் பட்டுச்சேலை 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அச்சேலையைக் கைவிசிறிபோல் மடித்து வைக்கும் "விசிறி மடிப்பு" அவ்வூருக்கே உரிய சிறப்பு. அம்மடிப்பில் கரையின் வண்ணம், உடலின் வண்ணம், ஜரிகையின் மின்னல் ஆகிய மூன்றும் ஒருங்கே தெரியும். வேறெங்கிருந்தும் கடன் வாங்க இயலாத படம் அஃது. இவ்வாறே ஒவ்வொரு சங்கமும், "நம்மிடம் மட்டுமே உள்ளது எது?" என்று தன்னைத் தானே வினவுதல் வேண்டும்.

படமெடுக்க நிலையம் தேடி அலைய வேண்டுவதில்லை. நம் வீட்டுத் திண்ணையே போதும். காலை ஒளி நேரே விழாமல் பக்கவாட்டில் பரவும் நிழலிடமே பட்டுக்கு உகந்தது. மின்வெட்டொளியைப் பாய்ச்சினால் ஜரிகை வெள்ளையாகத் தெறித்து, புட்டாவின் வடிவம் மறைந்துவிடும். வண்ணத்தைக் கணினியிற் கூட்டுதல் கூடாது. அரக்கு வண்ணத்தைச் சிவப்பாகக் காட்டினால் திரும்பி வருவது சேலையே.

தறியையும் நெய்பவரையும் காட்ட விரும்புவோர், நாடா ஓட்டும் கையை அண்மையில் எடுக்கலாம். முகத்தைக் காட்டுவதாயின் அவ்வுறுப்பினரின் இசைவைப் பெறுதல் மரபும் மரியாதையுமாகும்.

விளைவிப்போர் சங்கங்களுக்கு

வேளாண் சங்கங்கள் பெரும்பாலும் பச்சை வயலை இடுகின்றன. வயல் அழகுதான், ஆனால் உலகின் நெல்வயல்கள் தொலைவிலிருந்து ஒன்றுபோலவே தோன்றும். ஒரு சங்கத்தின் பக்கத்தில், கூம்பு வடிவ ஓலைத்தொப்பி அணிந்த கீழை நாட்டு உழவர் நாற்று நடும் படத்தைக் கண்டோம். காவிரிக் கரையில் அத்தொப்பியை அணிவார் யார்?

வயலைக் காட்டிலும் விளைபொருளையே காட்டுவது சிறந்தது. கருப்புக் கவுனியின் கருமை, மாப்பிள்ளைச் சம்பாவின் செம்மை ஆகியவை உள்ளங்கையில் ஏந்திய ஒரு பிடி அரிசியில் விளங்குவதுபோல் ஒரு வேலி நிலத்தின் படத்தில் விளங்கா. 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கும்பகோணம் வெற்றிலைக்கும் இதுவே வழி. கொடிக்காலின் முழுத் தோற்றத்தைவிட, நீர்த்துளியுடன் அடுக்கிய ஒரு கவுளி வெற்றிலை வாங்குவோர் மனத்தில் நிற்கும்.

பருவத்தையும் எண்ணுதல் வேண்டும். குறுவை, சம்பா, தாளடி எனப் பருவம் மாறும்போது படமும் மாறலாம். ஆயின் மாற்றுவதற்கு ஒருவர் பொறுப்பேற்காவிடில், மாறாத படமே மேல். தீபாவளித் தள்ளுபடியை அறிவிக்கும் படம் பொங்கல் கழிந்தும் தொங்குமாயின், அது வீண் வாதத்துக்கே இடமாகும்.

அளவும் இடமும்

முகநூலின் முகப்புப் படம் கணினியில் 820க்கு 312 பிக்சல் அளவிலும், கைப்பேசியில் 640க்கு 360 பிக்சல் அளவிலும் தோன்றுகிறது. ஆகவே 820க்கு 360 என்னும் விகிதத்தில் படம் அமைத்தால், கணினியில் மேலும் கீழும் சிறிது மறையும். கைப்பேசியில் இருபக்கமும் மறையும். நடுவிலுள்ள 640க்கு 312 பகுதியே இரண்டிலும் தெரியும். முதன்மையான பொருள் அப்பகுதிக்குள் அடங்குதல் வேண்டும். தெளிவு கருதி இருமடங்காக, அதாவது 1640க்கு 720 அளவில், அமைப்பது நன்று. கீழோரத்தில் வட்ட வடிவ அடையாளப் படம் வந்து அமருமாதலால், அங்கே ஒன்றும் வைத்தலாகாது. யூடியூபுக்குக் குறைந்தது 2048க்கு 1152 வேண்டும். எக்கருவியிலும் மறையாதது நடுவிலுள்ள 1235க்கு 338 பகுதியே. இவ்வளவுகளை அந்நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுவதுண்டு. எனவே படத்தை இட்டபின் ஒரு கணினியிலும் இரண்டு கைப்பேசிகளிலும் பார்த்துச் சரிகாண்க. வாட்ஸ்அப் வழியே படத்தை அனுப்புவோர் அதனை ஆவணமாக அனுப்புக. படமாக அனுப்பின் தெளிவு குன்றும்.

எழுத்தும் உருவங்களும்

சங்கத்தின் பெயரும் ஊரும் இருந்தால் போதும். தொலைபேசி எண், பதிவு எண், விலைப்பட்டியல் ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே தனியிடம் உண்டு. தலைவர், துணைத்தலைவர், இயக்குநர்கள் அனைவரின் உருவங்களையும் வரிசையாக இடும் வழக்கம் சில சங்கங்களில் காணப்படுகிறது. நிர்வாகக் குழுவினர் மீது நமக்கு மதிப்புண்டு. ஆயினும் சேலை வாங்க வருபவர் தேடுவது சேலையை. அரிசி வாங்க வருபவர் தேடுவது அரிசியை. நிர்வாகிகளின் படங்கள் ஆண்டறிக்கைக்கு உரியவை.

சட்டம் கூறுவது

இணையத்தில் கிடைப்பதெல்லாம் பொதுச் சொத்தன்று. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி புகைப்படத்துக்கும் உரிமையாளர் உண்டு. கூலி கொடுத்துச் சங்கம் எடுப்பித்த புகைப்படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, எடுப்பித்த சங்கத்துக்கே உரியது. எனினும் அதனை ஒரு தாளில் எழுதிப் பெறுதல் பின்வரும் வழக்கைத் தவிர்க்கும். புவிசார் குறியீடு, கைத்தறி முத்திரை, பட்டு முத்திரை ஆகியவற்றைப் படத்தில் பொறிப்பதற்கு, அவற்றைப் பயன்படுத்தும் உரிமையைச் சங்கம் முறைப்படி பெற்றிருத்தல் வேண்டும்.

நிறைவாக

முன் கூறிய சங்கம் பின்னர் என்ன செய்தது? திரும்பி வந்த அதே சேலையை, அதே முதியவரின் திண்ணையில் விரித்துப் படமெடுத்தது. ஓரத்தில் அவருடைய விரல்கள் கரையை நீவிக்கொண்டிருக்கும். கைப்பேசியில் எடுத்த படம்; செலவு ஒன்றுமில்லை. அப்படத்தால் விற்பனை பெருகிற்றா என வினவுவார் உளர். விற்பனைக்குக் காரணங்கள் பல. படமொன்றையே காரணமாகக் கூறுதல் நேர்மையன்று. ஆனால் மறுமுறை ஆய்வுக்குச் சென்றபோது பதிவேட்டை நோக்கினோம். "படத்தில் உள்ளது இதுவன்று" என்னும் குறிப்புடன் ஒரு சேலையும் திரும்பி வந்திருக்கவில்லை. முதியவர் தம் பேரனின் கைப்பேசியை வாங்கி அப்படத்தை நமக்குக் காட்டினார். அதைத்தான் நாமும் பார்த்திருந்தோம். ஆயினும் மறுபடி பார்த்தோம்.

அடுத்த கூட்டத்தில் கலந்தாய்வதற்குரிய வினாக்கள்

1. நம் முகப்புப் படத்திலுள்ள பொருள் நம் உறுப்பினர் உண்டாக்கியதா? கேட்பவர்க்கு அதனையே தர இயலுமா?
2. அப்படத்தை எடுத்தவர் யார்? இசைவு பெற்றோமா?
3. சங்கத்தின் பெயரை மறைத்துவிட்டாலும், இது நம் ஊர்ப் பொருள் என்று காண்போர் அறிவரோ?
4. படத்தை மாற்றவும் சரிபார்க்கவும் பொறுப்பாளர் ஒருவரை நியமித்திருக்கிறோமா?

இந்நான்கு வினாக்களுக்கும் தயங்காது விடை கூறவல்ல சங்கம், தனக்குரிய படத்தைத் தேர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம்.