கம்ப்ரசர் போச்சா? கொஞ்சம் பொறுங்கள்!

மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை மாணவி



சிங்கிள் பேஸ் மோட்டார் பாடத்தை நாம் எல்லோரும் பரீட்சைக்காகத்தான் படிக்கிறோம். ஸ்டார்ட்டிங் வைண்டிங், ரன்னிங் வைண்டிங், படம் வரைந்து பாகம் குறி, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் படித்தேன். போன அக்னி நட்சத்திரத்தில் அதே மோட்டார் எங்கள் அத்தை கடை ரோஸ்மில்க் மெஷினுக்குள் உட்கார்ந்துகொண்டு என்னை மூன்று நாள் தூங்கவிடவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நகரியத்தில் மெயின் பஜாருக்குப் போகிற வழியில் அத்தைக்குச் சின்னக் கடை. மகளிர் குழுவில் கடன் எடுத்து ஒரு பழைய மெஷின் வாங்கிப் போட்டிருந்தார். கண்ணாடி மாதிரித் தொட்டி, உள்ளே ரோஸ்மில்க் சுற்றிக்கொண்டே இருக்கும், குழாயைத் தள்ளினால் டம்ளரில் விழும். எல்லோரும் குடித்திருப்பீர்கள். ஒருநாள் கூலிங் நின்றுவிட்டது. மெக்கானிக் ஒருவர் வந்தார். மூடியைக்கூடக் கழற்றவில்லை. காது கொடுத்துக் கேட்டார். "கம்ப்ரசர் போச்சும்மா, கேஸ் சேத்து ஆறாயிரம் ஆவும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். குழுவுக்கு வாராவாரம் தவணை கட்ட வேண்டும். அத்தை எனக்குப் போன் போட்டார். "நீ கரண்டு படிப்புதானம்மா படிக்கிற? ஒரு எட்டு வந்து பாரு."

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் படிப்பது நான்தான் முதல். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. அதனால் சொந்தத்தில் யார் வீட்டில் மிக்சி நின்றாலும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வராது. மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

முதலில் கேட்டுப் பாருங்கள். ஸ்விட்சைப் போட்டால் உள்ளே துடுப்பு சுற்றுகிறது, பின்னால் ஃபேன் சுற்றுகிறது, கம்ப்ரசர் மட்டும் 'உம்ம்' என்று முனகுகிறது. சில நொடியில் 'டிக்'. அமைதி. இரண்டு நிமிஷம் கழித்து மறுபடி 'உம்ம்', மறுபடி 'டிக்'. இதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. முனகுகிறது என்றால் கரண்ட் அதுவரைக்கும் போகிறது, தெர்மோஸ்டாட் வழி விடுகிறது. 'டிக்' என்பது ஓவர்லோடு. உள்ளே இருக்கிற இரட்டை உலோகத் தகடு சூட்டில் வளைந்து லைனை வெட்டுகிறது, ஆறினதும் சேர்க்கிறது. அது கெட்டுப்போகவில்லை, தன் வேலையைச் செய்கிறது. அதை ஷார்ட் பண்ணிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வைண்டிங் கருகிவிடும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினேன். கண்டென்சரில் போர்வை மாதிரித் தூசி. அதைப் பிரஷ் போட்டுத் துடைத்தேன். காற்றுப் போகாவிட்டால் கேஸ் அழுத்தம் ஏறும், மோட்டாருக்குச் சுமை ஏறும். ஆனால் துடைத்த பிறகும் அதே முனகல்தான்.

கம்ப்ரசரில் மூன்று பின் இருக்கும்: காமன், ஸ்டார்ட், ரன். எது எது என்று எழுதியிருக்காவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். வயரையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டிரண்டாக அளக்க வேண்டும். எனக்கு 14 ஓம், 22 ஓம், 36 ஓம் வந்தது. பெரிய எண் ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் நடுவே. மீதிப் பின் காமன். காமனிலிருந்து குறைவாகக் காட்டுவது ரன், கூடுதலாகக் காட்டுவது ஸ்டார்ட். 14-ம் 22-ம் கூட்டினால் 36. கணக்கு சரியாக வந்தால் வைண்டிங் அறுந்து போகவில்லை. அந்த நிமிஷம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. புத்தகத்தில் உள்ளது நிஜமாகவே இரும்புக்குள் இருக்கிறது!

அடுத்து ரிலே. இந்த மாதிரிச் சின்னக் கம்ப்ரசர்களில் பெரும்பாலும் பி.டி.சி. ரிலேதான். உள்ளே ஒரு பீங்கான் வில்லை. குளிர்ந்திருக்கும்போது ரெசிஸ்டன்ஸ் குறைவு, ஸ்டார்ட் வைண்டிங்குக்குக் கரண்ட் விடும். சூடானதும் ரெசிஸ்டன்ஸ் ஆயிரக்கணக்கில் ஏறிக் கரண்டைக் கிட்டத்தட்ட நிறுத்திவிடும். கழற்றி ஆட்டிப் பாருங்கள், உள்ளே கடகடவென்றால் வில்லை உடைந்திருக்கிறது. எனக்குச் சத்தம் வரவில்லை, மீட்டரில் 21 ஓம். நல்ல ரிலே. ஓவர்லோடும் கன்டினியூட்டி காட்டியது. கடைசியாகச் சுவரில் இருந்த சாக்கெட்டில் மீட்டரைச் செருகினேன். 230 வோல்ட்.

எல்லாம் சரி. மெஷின் மட்டும் ஓடவில்லை. "அப்ப கம்ப்ரசர்தானாம்மா?" என்றார் அத்தை. உள்ளே பிஸ்டன் இறுகிப் போயிருக்கும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஆறாயிரம் போயிருக்கும்.

எங்கள் தெருவில் லைசென்ஸ் வைத்திருக்கிற வயர்மேன் அண்ணன் ஒருவர் இருக்கிறார், எட்டாவதோடு நின்றவர். சாயந்திரம் அவரிடம் போய் ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "230 சொன்னியே தங்கச்சி, எப்ப அளந்த? சும்மா இருக்கும்போதா, மோட்டார் இழுக்கும்போதா?"

எனக்குச் சுருக்கென்றது. லோடு இல்லாமல் அளந்தால் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை. கரண்ட் ஓடாத இடத்தில் வோல்டேஜ் டிராப் எங்கிருந்து வரும்? முதலாம் ஆண்டிலேயே படித்த ஓம் விதி.

மறுநாள் அண்ணன் தன் டாங் டெஸ்டருடன் வந்தார். மெயினை அணைத்துவிட்டு மீட்டர் வயர்களைக் கிளிப் போட்டுக் கம்ப்ரசர் லைனில் மாட்டினோம். கையை எடுத்துவிட்டு, தள்ளி நின்று, பிறகுதான் ஸ்விட்ச். (லைவில் கையால் புரோப் பிடித்து அளக்கிற வீரம் வேண்டாம், ஈரத் தரையில் சத்தியமாக வேண்டாம்.) முனகின அந்த நொடியில் கம்ப்ரசரில் 178 வோல்ட், 6 ஆம்ப்ஸ். போர்டுக்கு வருகிற லைனில் அதே நொடியில் 226. நடுவே 48 வோல்ட்டைக் காணோம். 48-ஐ 6 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 8 ஓம். வழியில் எங்கோ ஒரு 8 ஓம் ஒளிந்திருக்கிறது.

இந்த இடத்தில் கணக்கைப் பாருங்கள். மோட்டாரின் டார்க் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 178-ஐ 230 ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.6. அதாவது கிளம்புகிற பலம் நூற்றுக்கு அறுபதுதான். மார்கழியில் அது போதும். மே மாத வெயிலில் கேஸ் அழுத்தம் கூடுதல், போதாது. ஒரு தடவை தோற்றால் ரிலே வில்லையும் சூடாகிவிடும், அது ஆற நாலைந்து நிமிஷம் ஆகும். அதற்குள் ஓவர்லோடு சேர்ந்து மறுபடி முயற்சி, மறுபடி தோல்வி. ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் நடுவே பத்து நிமிஷம் விடுங்கள். நான் முதல் நாள் விடவே இல்லை, படபடவென்று போட்டுப் போட்டு அணைத்தேன்.

ஃபேன் மட்டும் எப்படி ஓடியது? அது இழுப்பது 0.2 ஆம்ப்ஸ்கூட இல்லை. அந்த 8 ஓமில் இரண்டு வோல்ட்கூடக் குறையாது. அது பாட்டுக்குச் சுற்றும், நம்மை ஏமாற்றும்.

மெயினை அணைத்து அண்ணன் சாக்கெட்டைக் கழற்றினார். பேஸ் ஸ்க்ரூ தளர்ந்து, வயர் ஓரம் கருகி, பித்தளை நீலம் பாய்ந்திருந்தது. எங்கள் ஊர் 1962-லேயே அனல் மின்சாரம் தயாரித்த ஊர். அந்த முதல் நிலையம் 2020-ல் மூடப்பட்டுவிட்டது. இரண்டாவது நிலையத்தைக் கட்டியது 1470 மெகாவாட்டுக்கு. அவ்வளவு கரண்ட் ஊரைச் சுற்றி ஓடுகிறது, அத்தை கடைக்குள் ஒரு ஸ்க்ரூவில் தடுக்கி விழுந்திருக்கிறது!

இன்னொன்றும் இருந்தது, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எர்த் வயரை யாரோ மடக்கி டேப் சுற்றி உள்ளேயே விட்டிருந்தார்கள். குழாயைத் தொட்டால் சில நேரம் 'சுருக்'கென்று இழுக்கும் என்று அத்தை எப்போதோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. குளிர்ச்சியில் மெஷின் வேர்த்துத் தண்ணீர் வடியும், தரை ஈரம், அத்தை செருப்பு போடாமல்தான் நிற்பார். குழாய்ப் பக்கம் கை நீட்டுகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு. நான் மல்டிமீட்டரில் பாடிக்கு லீக்கேஜ் இல்லை என்று எழுதி வைத்திருந்தேன். மல்டிமீட்டரின் 9 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு இன்சுலேஷன் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அண்ணனின் 500 வோல்ட் மெகரில் கம்ப்ரசர் நன்றாகவே இருந்தது. துடுப்பு மோட்டாரின் வயர்தான் ஒரு இடத்தில் தேய்ந்து ஈரம் ஏறியிருந்தது.

அந்த வயரை மாற்றினோம். புது 16 ஆம்ப்ஸ் சாக்கெட், புது மூணு பின் பிளக், கருகினதை வெட்டிவிட்டுப் பளபளக்கும் செம்பில் இணைப்பு, எர்த் சேர்த்தாயிற்று. பேஸுக்கும் எர்த்துக்கும் டெஸ்ட் லேம்ப் போட்டு முழு வெளிச்சம் வருகிறதா பார்த்தோம். 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. ஒன்றை மாட்டச் சொல்லி அண்ணன் கேட்டார், அத்தை அடுத்த மாதம் என்றார், நான் விடவில்லை. அன்றைக்கே வாங்கினோம். அதையும் சேர்த்தே மெக்கானிக் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை.

ஸ்விட்ச் போட்டோம். 221 வோல்ட், ஒரே இழுப்பு, கிளம்பிவிட்டது. ஓடும்போது 1.2 ஆம்ப்ஸ். தொட்டிச் சுவரில் வேர்வை பிடிக்க ஆரம்பித்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து மெஷினிலிருந்து 'டிக்' என்று சத்தம். அத்தை பதறிவிட்டார். "ஐயையோ, மறுபடியும் டிக்குங்குதே!"

"அது தெர்மோஸ்டாட் அத்தை. போதுமான கூலிங் வந்திடுச்சுன்னு நிறுத்துது" என்றேன். முதல் டம்ளரை வயர்மேன் அண்ணனுக்குக் கொடுத்தார், இரண்டாவது எனக்கு.