பழைய பலகையில் கிற்றார் செய்வோம்

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் வன்னி மக்கள் ஜாம் போத்தலில் விளக்கு எரித்தார்கள். சயிக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். இருப்பதைக் கொண்டு தேவையை நிறைவேற்றும் அந்த அறிவு வாத்தியம் செய்யவும் உதவும். இடம்பெயரும் குடும்பம் நெல்லையும் பாத்திரத்தையும் தூக்கிச் செல்லும். வாத்தியத்தைத் தூக்க வழியிராது. ஆனால் எங்கே போனாலும் பிள்ளைகளுக்குப் பாட்டு வேண்டும். பணமில்லாத வீட்டிலும் ஒரு கிற்றார் செய்யலாம். அதன் வழியை இங்கே பார்ப்போம்.

ஏழைகளின் வாத்தியம்

பிளமெங்கோ என்பது ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் ஜிப்சி மக்களும் பிற ஏழைகளும் வளர்த்த இசை. அதற்குரிய கிற்றாரின் பக்கங்களும் முதுகும் அங்கேயே வளரும் சைப்பிரஸ் மரத்தால் ஆனவை. இறக்குமதி மரத்தைவிட அது மலிவு, பாரமும் குறைவு.

அந்தோனியோ தெ தொர்ரெஸ் என்ற கைவினைஞர் 1862 இல் பக்கங்களையும் முதுகையும் கடதாசி மட்டையால் அமைத்து ஒரு கிற்றார் செய்தார். ஒலிக்கு முக்கியமானது முகப்புப் பலகையே என்று காட்டினார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குடல் நரம்பு அரிதானபோதுதான் நைலோன் தந்தி வழக்கத்துக்கு வந்தது. ஆகவே முகப்புக்கு நல்ல பலகை தேடுவோம். மற்றவற்றுக்குக் கிடைப்பது போதும்.

பொருள் தேடுமுன்

1. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காணிக்குள் கால் வைக்க வேண்டாம். இடிபாடுகளில் இனந்தெரியாத உலோகப் பொருளைத் தொடவோ தட்டவோ வேண்டாம். பிள்ளைகளைப் பலகை தேட அனுப்பவே கூடாது.

2. இடிந்த வீட்டுக்கும் சொந்தக்காரர் உண்டு. அவருடைய கதவு நிலையைக் கேளாமல் எடுப்பது, அவர் திரும்பிவரும் நாளில் அவருக்குச் செய்யும் அநீதி.

3. பல ஆண்டு காய்ந்த மரம் எளிதில் சுருங்காது. அது நமக்கு இலாபம். கறையான் அரித்ததை விலக்குங்கள். ஆணிகளை முழுதாகக் கழற்றுங்கள்.

செய்முறை

முகப்பு: பொதிப் பெட்டியின் பைன் பலகையில், நேர் ரேகையுள்ள துண்டுகளைத் தெரிந்து விளிம்போடு விளிம்பாக ஒட்டுங்கள். 2 முதல் 2.5 மில்லிமீற்றர் வரை சீவுங்கள். உட்புறம் மெல்லிய குச்சிகள் ஏழை விசிறிபோல ஒட்டுங்கள்.

பக்கமும் முதுகும்: தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை முதுகுக்கு ஏற்றது. பக்கங்களுக்கு 2 மில்லிமீற்றர் பலகையைச் சுடுநீரில் ஊறவைத்து, சூடேற்றிய இரும்புக் குழாயில் மெல்ல வளையுங்கள். ஒட்டிய இடங்களைப் பழைய சயிக்கிள் ரியூப்பைப் பட்டியாக வெட்டி இறுக்கிக் கட்டலாம்.

கழுத்து: பழைய தேக்கு நிலை நல்லது. விரற்பலகைக்கு முதிரை போன்ற வைரமான மரம் வேண்டும். தந்தி முறுக்க, வீணைக்குப் போல மரப் பிரடை போதும். பழைய பிளமெங்கோ கிற்றார்களிலும் அதுவே இருந்தது.

மெட்டு: தந்தியின் நீளம் 650 மில்லிமீற்றர். அதை 17.817 ஆல் வகுத்தால் 36.5, முதல் மெட்டு அங்கே. மிகுதியை மீண்டும் 17.817 ஆல் வகுத்தால் அடுத்த இடைவெளி. இப்படியே தொடருங்கள். பன்னிரண்டாவது மெட்டு சரிபாதியில், 325 இல், வந்தால் கணக்குச் சரி. மெட்டுக்குச் சயிக்கிள் சில்லுக் கம்பியை வெட்டிப் பதிக்கலாம். தந்தியை அழுத்தும்போது சுரம் சற்று ஏறும். ஆகவே குதிரையை 2 மில்லிமீற்றர் பின்தள்ளி ஒட்டுங்கள்.

தந்தி: மெல்லிய மூன்று தந்திகளுக்கு மீன்பிடித் தங்கூசி உதவும்: 0.7, 0.8, 1 மில்லிமீற்றர். தடித்த மூன்றும் கம்பி சுற்றியவை. அவற்றைக் கடையில்தான் வாங்கவேண்டும்.

தட்டுத் தகடு: பிளமெங்கோ வாசிப்பவர் விரலால் முகப்பில் தாளமும் தட்டுவார். தந்திக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒட்டினால் மரம் தேயாது.

மாரியில் மரம் ஈரம் உறிஞ்சும். காலபோக அறுவடைக்குப் பின்வரும் வெயில் நாட்களே ஒட்டு வேலைக்கு உகந்தவை.

குழுவாகக் கலந்துரையாட

1. தச்சுவேலை தெரிந்த முதியவர் நம்மிடையே யார்? அவரிடம் இளையோர் எப்படிப் பழகலாம்?
2. ஒரு கிற்றாரைப் பல வீட்டுப் பிள்ளைகள் பகிர்ந்து பழக என்ன ஒழுங்கு செய்யலாம்?
3. நாம் எறியும் பொருட்களில் இன்னும் எவை பயன்படும்?